தலைக்கு இருபது ரூபாய்: தாதாபாய் நௌரோஜியின் வாழ்வும் கணக்கும்

வறுமையைப் பாடிய புலவர் நம் தமிழில் மிகப் பலர். வள்ளுவப் பெருந்தகையார் நல்குரவுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். சங்கச் சான்றோர், பரிசிலர் மனையில் அடுப்பிலே காளான் பூத்திருந்த காட்சியை நம் கண்முன் நிறுத்தினர். நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளக்கும் வகையைக் காரிநாயனார் தம் கணக்கதிகாரத்தில் வகுத்துரைத்தார். வறுமையை உணர்த்தும் புலமையும், பொருளை அளக்கும் கணக்கும் இவ்வாறு நம்மிடையே நெடுங்காலமாகத் தனித்தனியே வழங்கி வந்தன. அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து, ஒரு தேசத்தின் வறுமையைத் தலைக்கு இத்துணை என எண்ணால் எழுதி, அதனைப் பிற தேசங்களின் எண்ணோடு நிறுத்துப் பார்க்க இந்தியாவில் முதன்முதல் முயன்றவர் தாதாபாய் நௌரோஜி ஆவர். காங்கிரஸ் மகாசபையின் தலைவர் என்றும், பிரித்தானியப் பாராளுமன்றத்து உறுப்பினர் என்றும் அவரை அறிவோர் பலர். கணித ஆசிரியராகிய நௌரோஜியை அறிந்தோர் சிலரே. அவ்வாசிரியரின் வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

நௌரோஜி 1825ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள், பார்சி குலத்துக் குருமார் குடும்பம் ஒன்றிலே தோன்றினார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். எழுத்தறிவில்லாத அன்னை மாணிக்கபாய் மறுமணம் நாடாது, தனி மகனைப் படிப்பிப்பதையே தம் வாழ்வின் பணியாகக் கொண்டார். பம்பாயில் அக்காலத்தில் சுதேசக் கல்விச் சங்கத்தார் நடத்திய பாடசாலையிற் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கப்பட்டிருக்குமாயின் அந்த விதவைத் தாயால் மகனைப் பாடசாலைக்கு அனுப்பியிருத்தல் இயலாது. ஏழை மக்களின் பொருளால் தாம் கற்றமையால், கற்றதனை அம்மக்களுக்கே திருப்பித் தருதல் தம் கடன் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் செய்தன யாவும் அந்தக் கடனை அடைக்கும் முயற்சியே எனலாம்.

எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்திற் பயின்று, அங்கேயே ஆசிரியரானார். 1849ஆம் ஆண்டளவில், தம்மொத்த இளைஞரோடு சேர்ந்து பெண்மக்களுக்குப் பாடசாலைகள் திறந்து, ஊதியம் பெறாமற் கற்பித்தார். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று பெரியோர் பலர் சினந்த காலம் அது. 1850களின் நடுவில், கணிதத்துக்கும் இயற்கைத் தத்துவத்துக்கும் பேராசிரியராக அவர் நியமனம் பெற்றார். ஆங்கிலேயர் மட்டுமே வகித்து வந்த அத்தகைய பதவியில் ஓர் இந்தியர் அமர்ந்தது அதுவே முதன்முறை. அப்பதவியோடு அமைந்திருப்பின், நல்லாசிரியர் என்னும் பெயரோடு அவர் வாழ்வு முடிந்திருக்கும்.

ஆனால் 1855ஆம் ஆண்டில், இலண்டனில் வாணிகம் தொடங்கிய காமா கும்பனியாரின் பங்காளராக அவர் கப்பலேறினார். பிரித்தானியாவில் நிறுவப்பெற்ற முதல் இந்திய வாணிக நிலையம் அது. மதுவும் அபினும் விற்று வரும் இலாபம் அவர் மனச்சான்றுக்கு ஒவ்வவில்லை. அக்கும்பனியை விட்டு நீங்கி, 1859இல் தம் பெயரால் பருத்தி வாணிகம் தொடங்கினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் குஜராத்தி மொழிப் பேராசிரியராகவும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் விளங்கினார். ஒரு நாட்டின் ஏட்டறிவு மட்டும் உடையவர் பிறநாட்டை நினைத்துப் பார்க்கவே வல்லவர். இரு நாட்டுச் சந்தைகளிலும் விலை பேசிப் பழகியவரோ இரண்டையும் ஒப்பிடவும் வல்லவராவர். நௌரோஜிக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. இங்கிலாந்தில் ஒரு தொழிலாளி வாரந்தோறும் என்ன பெறுகிறான், என்ன உண்கிறான் என்பதைக் கண்ணாற் கண்டார். தம் தாய்நாட்டு உழவன் பெறுவதையும் உண்பதையும் முன்னரே அறிந்திருந்தார். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? அதனை அளக்கும் கோல் எது? இவ்வினாக்களே அவரை ஆட்கொண்டன.

1866ஆம் ஆண்டில் இலண்டனிற் கிழக்கிந்தியச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். அடுத்த ஆண்டே, இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் கைம்மாறின்றி இங்கிலாந்துக்கு வடிந்து செல்கின்றது என்னும் தம் கொள்கையை அச்சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். 1870இல் வாசித்த ஒரு கட்டுரையிலே, ஆண்டு முழுவதும் இந்தியர் விளைத்தும் செய்தும் பெறும் பொருள் தலைக்கு 40 சிலிங் அளவினதே என மேலோட்டமாக ஒரு கணக்குக் காட்டினார். கேட்டோர் ஐயுற்றனர். இந்தியா பொன்விளையும் பூமி என்றும், ஆங்கில ஆட்சியால் நாளுக்குநாள் செழித்து வருகின்றது என்றும் நம்பிய காலம் அது. ஐயத்துக்கு விடை, நுணுக்கமான கணக்கே என்று அவர் துணிந்தார். 1876ஆம் ஆண்டில், பம்பாயில் அச்சங்கத்துக் கிளையின் முன், இந்தியாவின் வறுமை என்னும் பொருள்பற்றி வரிசையாகக் கட்டுரைகள் வாசித்தார்.

அவர் சென்ற வழி மிக எளியது. ஆயினும் அதற்குப் பேருழைப்பு வேண்டும். மாகாண அரசினர் ஆண்டுதோறும் வெளியிட்ட நிருவாக அறிக்கைகளையே அவர் கருவியாகக் கொண்டார். ஒவ்வொரு மாகாணத்திலும் எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் விளைகின்றது, ஏக்கருக்கு விளைவு எவ்வளவு, விலை யாது என்று பார்த்தார். மூன்றையும் பெருக்கினார். விதைக்கு வேண்டியதைக் கழித்தார். உப்பு, அபின், நிலக்கரி, கைத்தொழில் முதலியவற்றின் பெறுமதியைக் கூட்டினார். விடுபட்டன இருக்கலாம் என்று கருதித் தாராளமாக ஒரு தொகையையும் மேலே சேர்த்தார். முடிவில் வந்தது 34 கோடிப் பவுண். பிரித்தானிய இந்தியாவின் மக்கள் தொகை அவர் கொண்டவாறு 17 கோடி. ஆகவே தலைக்கு 2 பவுண். அக்காலத்து நாணய மாற்றின்படி அது 20 ரூபாய்.

இக்கணக்கின் நடுவே அவர் கண்டுபிடித்த ஒரு பிழை, கணித ஆசிரியர் அனைவரும் வகுப்பிலே கூறத்தக்கது. மத்திய மாகாணத்து அறிக்கையில் ஏக்கருக்குச் சராசரி விளைவு எனக் கொடுக்கப்பட்ட எண், மாவட்டங்களின் விளைவுகளை வெறுமனே கூட்டி, மாவட்டங்களின் தொகையால் வகுக்கப்பட்டதாயிருந்தது. எந்த மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் பயிரிடப்பட்டது என்பதை எழுதினோர் நோக்கவில்லை. விலைக்கும் அவ்வாறே செய்தனர். இதன் விபரீதத்தை நம் ஊர் வயல்களைக் கொண்டே விளக்கலாம். செட்டிபாளையத்திலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்கின்றோம் என வைத்துக்கொள்வோம். அங்கே குளத்து நீர் பாயும் ஒரு கண்டத்தில் 10 ஏக்கர். விளைவு ஏக்கருக்கு 60 புசல். மழையையே நம்பியிருக்கும் மற்றொரு கண்டத்தில் 90 ஏக்கர். விளைவு ஏக்கருக்கு 20 புசல். அறுபதையும் இருபதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி 40 புசல். ஆனால் வாரியுள்ள நெல் முழுவதையும் அளந்து 100 ஏக்கருக்குப் பங்கிட்டால் வருவது 24 புசலே. எஞ்சிய 16 புசல் எங்கே? அவை எந்தப் பட்டறையிலும் இல்லை. அறிக்கையில் மட்டுமே விளைந்தவை. எண்ணில் மிகுந்தோர் நிலை சராசரிக்குள் மறைந்துபோகும் இந்த வஞ்சத்தை நௌரோஜி நுனித்துணர்ந்தார். கூட்டல் கழித்தல் அறிந்த சிறுவனும் உணரத்தக்க இதனை, அரசாங்க அறிக்கை எழுதினோர் உணராமற் போயினர்.

இருபது ரூபாய் என்பது மிகுதியா குறைவா? எண் ஒன்று தனித்து நின்று பொருள் தராது. அதற்குத் துணையாக வேறோர் எண் வேண்டும். நௌரோஜி இரண்டு துணைகளைத் தேடினார். முதலாவது, உயிர்வாழ்வதற்கு வேண்டும் செலவு. கல்கத்தாவிலிருந்து கடல் கடந்து செல்லும் கூலியாட்களுக்குக் கப்பலில் எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு கொடுத்தல் வேண்டும் என்று அரசாங்க வைத்தியர் ஒருவர் வகுத்த பட்டியலை அவர் எடுத்துக்கொண்டார். கப்பலில் வேலையின்றி அமர்ந்திருக்கும் மனிதனின் உடல் தாங்குவதற்கு வேண்டும் அளவு அது. சிறைச்சாலைக் கைதிகளின் உணவுக்கும் உடைக்கும் அரசாங்கம் செலவிட்ட தொகையையும் மாகாணந்தோறும் எடுத்தெழுதினார். பம்பாய் மாகாணத்தில் ஓர் உழவுக் கூலியாளின் மிக எளிய வாழ்வுக்கே ஆண்டுக்குச் சுமார் 34 ரூபாய் வேண்டும் என்பது தெரிய வந்தது. குற்றம் செய்து சிறைப்பட்டோன் உண்பதும், குற்றமின்றி நிலத்தை உழுவோன் உண்ணாதிருப்பதும் ஒரே அரசாங்கத்தின் ஏடுகளிலிருந்தே வெளிப்பட்டன. தலைக்கு 20 ரூபாய் என்பதும் செல்வரையும் உயர் உத்தியோகத்தரையும் சேர்த்துப் பெற்ற சராசரியே. எனவே ஏழையின் பங்கு அதனினும் குறைவு என்பதையும் அவர் சுட்டிக்காட்ட மறந்தாரல்லர்.

இரண்டாவது துணை, பிற நாடுகளின் வருமானம். அக்காலத்துப் புள்ளிவிவர அறிஞர் மல்ஹால் தொகுத்த அட்டவணையை அவர் 1880களில் எடுத்தாண்டார். அதன்படி தலைக்கு ஆண்டு உற்பத்தி, பிரித்தானியாவில் ஏறத்தாழ 35 பவுண், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 27, ஜெர்மனியில் 19, ருசியாவில் 10, ஐரோப்பாவிலே மிக வறிய நாடெனப்பட்ட துருக்கியில் 4, இந்தியாவில் 2. ஆள்வோரின் வருமானம் ஆளப்படுவோரின் வருமானத்தைப்போலப் பதினேழு மடங்குக்கும் மேலாக இருந்தது. இன்று உலக நாடுகளின் வருமான ஏற்றத்தாழ்வை ஆராய்வோர் நாள்தோறும் வரையும் அட்டவணைக்கு இதனை ஒரு முன்னோடி எனக் கூறலாம்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. இந்தியா அலுவலகத்து அதிகாரி டான்வர்ஸ் என்பார், கணக்கில் விடுபட்டவை இவை இவை என்று எழுதினார். நௌரோஜி பஞ்சாப் மாகாணத்தை எடுத்துக்கொண்டு, பயிர் பயிராக மீண்டும் கணக்கிட்டு விடையிறுத்தார். 1882இல் நிதி அமைச்சராயிருந்த ஈவ்லின் பேரிங், பார்பர் என்னும் அதிகாரியுடன் கூடி மதிப்பிட்டுத் தலைக்கு வருமானம் 27 ரூபாய் என அறிவித்தார். இங்கிலாந்தின் வருமானம் தலைக்கு 33 பவுண் என்றும், துருக்கியின் வருமானம் 4 பவுண் என்றும் அவரே ஒப்பிட்டுக் கூறினார். இருபத்தேழு ரூபாயை ஏற்றுக்கொண்டாலும் இந்தியா துருக்கிக்குக் கீழேயே நின்றது. அக்கணக்கு எவ்வாறு போடப்பட்டது என்று நௌரோஜி விவரம் கேட்டார். கொடுக்கப்படவில்லை. தம் கணக்கின் ஒவ்வொரு படியையும் அச்சிட்டு யாரும் சோதிக்குமாறு வைத்தவர் ஒருபுறம்; முடிவை மட்டும் கூறி வழியை மறைத்தவர் மறுபுறம். விடையை மட்டும் எழுதும் மாணாக்கனுக்கு நாம் முழுப் புள்ளி வழங்குவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கு வேறு வடிவம் கொண்டது. வருமானம் எவ்வளவு என்பதன்று, ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதே வினாவாயிற்று. 1901இல் இராசப்பிரதிநிதி கர்சன் பிரபு, 27 ரூபாய் 30 ரூபாயாக வளர்ந்துவிட்டது என்றார். அவ்வாண்டிலேயே வில்லியம் டிக்பி என்னும் ஆங்கிலேயர், வருமானம் 18 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டதெனத் தம் நூலில் வாதித்தார். 1896க்கும் 1900க்கும் இடையே இரண்டு கொடிய பஞ்சங்கள் நாட்டை வாட்டியிருந்தன. கர்சனின் கணக்கிலேயே ஒரு வியப்பு உண்டு. 1882இல் ஒரு ரூபாய் ஏறத்தாழ 20 பென்சு பெற்றது. ஆகவே 27 ரூபாய் 45 சிலிங். 1901இல் ஒரு ரூபாய் 16 பென்சே பெற்றது. ஆகவே 30 ரூபாய் 40 சிலிங். ரூபாயில் ஏறிய வருமானம் பவுணில் இறங்கியிருந்தது! காலத்தால் வேறுபட்ட இரண்டு எண்களை ஒப்பிடுவதற்கு முன், இரண்டும் ஒரே கோலால் அளக்கப்பட்டனவா என்று வினவுதல் வேண்டும் என்னும் பாடம் இதனுள் அடங்கியுள்ளது.

இதனிடையே நௌரோஜியின் வாழ்வு பல துறைகளிலும் விரிந்தது. 1874இல் பரோடா சமத்தானத்தின் திவானாகச் சிலகாலம் பணியாற்றினார். 1885இல் காங்கிரஸ் மகாசபை தோன்றுதற்குத் துணை நின்றார். 1886, 1893, 1906 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதன் தலைவரானார். 1886இல் பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தலில் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். கறுப்பர் ஒருவரை ஆங்கிலத் தொகுதி தேர்ந்தெடுக்குமோ என்னும் பொருள்படப் பிரதமர் சால்ஸ்பரி பிரபு 1888இல் இகழ்ந்து பேசினார். அந்த இகழ்ச்சியே நௌரோஜியின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. 1892இல் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில், விரல்விட்டு எண்ணத்தக்க சில வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். 1895இல் தோல்வியுற்றாராயினும், இந்தியச் செலவினங்களை ஆராய அமைந்த வெல்பி ஆணைக்குழுவில் உறுப்பினராகி, அங்கும் தம் கணக்குகளையே முன்வைத்தார். 1901இல், தம் எழுபத்தாறாம் வயதில், முப்பதாண்டுக் கட்டுரைகளையும் கடிதங்களையும் திரட்டி வறுமையும் பிரித்தானிய இயல்புக்கு மாறான ஆட்சியும் என்னும் பொருள்படும் பெருநூலை வெளியிட்டார். 1906இல் கல்கத்தா மகாசபையில், தன்னாட்சியே இந்தியாவின் இலக்கு எனத் தலைமையுரையில் முழங்கினார். முதுமையில் பம்பாயை அடுத்த வெர்சோவாவில் ஓய்ந்திருந்து, 1917ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தமது 91ஆம் வயதில் மறைந்தார்.

அவர் கணக்கில் குறையே இல்லையென்று கூறுதல் அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. உற்பத்திப் பொருள்களையே பெரிதும் எண்ணினார். ஆசிரியர், வைத்தியர், நாவிதர் முதலியோரின் சேவையை இக்காலத்தார் எண்ணுவதுபோல் எண்ணவில்லை. அவர் நம்பிய அறிக்கைகளும் முழு நம்பிக்கைக்கு உரியன அல்ல. செல்வம் வடிந்த அளவு எவ்வளவு என்பதுபற்றிப் பொருளியலார் இன்றும் வழக்காடுகின்றனர். ஆயினும் அவர் எழுப்பிய வினாக்கள் தேயவில்லை.

ஒரு நாட்டு நாணயத்தை மற்றொரு நாட்டு நாணயமாக மாற்றி ஒப்பிடுதல் போதுமா? போதாது என்பதை இலங்கையராகிய நாம் பட்டறிந்தோம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அமெரிக்க டாலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாய். டாலரில் எழுதப்பட்ட நம் வருமானம் சில கிழமைகளிலே பாதியளவுக்குச் சுருங்கியது. மக்கள் பட்ட இடர் பெரிதே. ஆயினும் வயலில் நெல்லும் வாவியில் மீனும் அதே அளவாகப் பாதியாகிவிடவில்லை. ஆகவே ஒரு தொகை உள்ளூர்ச் சந்தையில் எவ்வளவு பொருள் வாங்கும் என்பதை அறிந்தே நாடுகளை ஒப்பிடல் வேண்டும். இதற்கெனக் கிராவிஸ், ஹெஸ்டன், சமர்ஸ் என்னும் அறிஞர் 1968 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு பல நாட்டு விலைகளைத் தொகுத்தனர். கூலியாளின் உணவுப் பட்டியலுக்கு விலை போட்டுப் பார்த்த நௌரோஜியின் உள்ளம் நாடியதும் இதனையே.

நாடுகளின் சராசரியை எவ்வாறு எடுப்பது என்பதும் அப்பழைய மாவட்டக் கணக்கின் வினாவே. ஒவ்வொரு நாட்டையும் ஒன்றென எண்ணினால், மாலைதீவும் சீனமும் சமம். அவ்வாறு எண்ணிப் பார்ப்போர்க்கு, 1980க்கும் 2000க்கும் இடையே நாடுகளுக்கிடையிலான வருமான ஏற்றத்தாழ்வு வளர்ந்தது என்னும் முடிவு கிடைக்கின்றது. ஆபிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் பல நாடுகள் அக்காலத்தில் தேங்கி நின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் மக்கள் தொகைக்கேற்ற நிறை கொடுத்து எண்ணினாலோ, அதே காலத்தில் ஏற்றத்தாழ்வு குறைந்தது என்னும் முடிவு வருகின்றது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களையுடைய சீனம் விரைந்து வளர்ந்தமையே காரணம். இவ்விரு முறைகளையும், நாட்டெல்லை கருதாது மனிதர் ஒவ்வொருவரையும் எண்ணும் மூன்றாம் முறையையும் பிராங்கோ மிலானோவிச் என்னும் பொருளியலார் 2005இல் வெளிவந்த தம் நூலில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரே உலகம், ஒரே இருபதாண்டுகள், இரண்டு எதிர்மாறான விடைகள். எதனை எண்ணினோம் என்று கூறாமல் ஏறியது இறங்கியது என்று கூறுவோர் மொழியை, வழி காட்டாத பேரிங்கின் 27 ரூபாய்போலவே ஐயுற்று நோக்கல் வேண்டும்.

புள்ளிவிவரம் என்றால் உயிரற்ற எண்களின் கூட்டம் என்று இலக்கியம் பயில்வோர் சிலர் முகஞ்சுளிப்பர். நௌரோஜியின் அட்டவணைகளில் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் உண்டோரும் உண்ணாதோரும் நிற்கின்றனர். அடுப்பிற் பூத்த காளானைக் கண்டு புலவர் நெஞ்சுருகினார். அத்தகைய அடுப்புகள் நாட்டில் எத்தனை என்று இவ்வாசிரியர் எண்ணினார். சராசரி என்னும் பாடத்தைக் கற்பிக்கும் நாளில், படுவான்கரை வயல்களின் கணக்கோடு அவர் பெயரையும் மாணாக்கர்க்குச் சொல்லி வைத்தால், பரீட்சை முடிந்த பின்னும் அப்பாடம் அவர்களோடு நிற்கும்.